நடுக்களத்து நங்கை

உதைபந்தாட்டம் காணச் செல்பவருட் பெரும்பாலோர் பந்தையே பார்க்கின்றனர். பந்து சென்ற வழியே அவர்தம் கண்ணும் செல்லும். அது வலைக்குள் புகுந்ததும் பெரிய ஆரவாரம் எழும். புகுத்தியவரின் பெயர் மறுநாட் காலையில் வீடுதோறும் பேசப்படும். ஆனால், அதற்குச் சில விநாடிகளுக்கு முன்னர் மைதானத்தின் நடுவிலே நின்று, எவர் எங்கே நிற்கின்றனர், எந்த இடத்தில் வெளி உண்டாகப் போகின்றது என்பதைக் கணித்து, பந்தை அவ்வழியே செலுத்தியவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே.

நடுக்கள ஆட்டக்காரரின் தொழில் அத்தகையது. முன்களத்தார்க்குப் புகழ் வந்து சேரும். பின்களத்தார்க்கும் கோல் காப்பாளருக்கும் பழி வந்து சேரும். நடுக்களத்தார்க்கோ ஓயாத உழைப்பே உரியது. தாக்குதலின்போது முன்னே ஓடவேண்டும். பந்து பறிபோன மறுகணமே பின்னே ஓடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் செல்வதற்கு வழி திறந்துகொண்டே இருத்தல் வேண்டும். அத்தொழிலிலே இன்று உலகின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் ஒரு யுவதியின் வரலாற்றை இவ்வாரம் நம் குடும்பங்களுக்கும் மாணவ மாணவியர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் பெயர் ஐத்தானா பொன்மத்தி, ஸ்பெயின் தேசத்தவர், பார்சிலோனாக் கழகத்தின் வீராங்கனை.

தாயின் பெயர் முன்னே

ஐத்தானா 1998ஆம் ஆண்டு ஜனவரி 18ஆந் திகதி பிறந்தவர். ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கற்றலோனியாப் பிரதேசத்தில், பார்சிலோனா நகருக்கு அண்மையிலுள்ள சன் பெரே டி ரிபெஸ் என்னும் சிற்றூரிலே வளர்ந்தார். தாயும் தந்தையும் கற்றலான் மொழியையும் அதன் இலக்கியத்தையும் கற்பித்த உபாத்தியாயர்கள். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக் காலத்தில் பாடசாலைகளிலிருந்தும் அரசாங்க அலுவலகங்களிலிருந்தும் விலக்கப்பட்டிருந்த மொழி அது. அதனைக் கற்பிப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட அவ்விருவரும், உரிமை என்பது கேட்டுப் பெறவேண்டியது என்பதை நன்கு உணர்ந்தவர்கள் என்றே நாம் கருதவேண்டும்.

அவர்களுடைய மகளின் பெயரே அதற்குச் சான்று. ஸ்பெயினில் ஒருவருக்குத் தந்தை வழிப் பெயரும் தாய் வழிப் பெயரும் ஆக இரு குடும்பப் பெயர்கள் உண்டு. நம்மவரிடையே தந்தையின் பெயர் முன்னே நிற்பதுபோல, அங்கும் தந்தை வழிப் பெயரே முன்னே நிற்றல் வேண்டும் என்பது சட்டமாக இருந்தது. பிள்ளைக்குத் தாயின் பெயரை முன்வைக்கப் பெற்றோர் விரும்பினால் அதனைத் தடுக்க அரசுக்கு என்ன நியாயம் என்று சிலர் வாதாடினர். அவர்களுள் ஐத்தானாவின் பெற்றோரும் இருந்தனர். 1999ஆம் ஆண்டு நவம்பரில் அச்சட்டம் திருத்தப்பட்டது. பெயர்களின் வரிசையைப் பெற்றோரே தீர்மானிக்கும் உரிமை பிறந்தது. பொன்மத்தி என்பது தாயின் குடும்பப் பெயர். கற்றலான் மொழியில் அச்சொல்லை ஒலிப்பவர் 'நல்ல காலை' என்று வாழ்த்துவது போலவே ஒலிப்பர். இன்று பல்லாயிரம் பேர் ஒரே குரலில் கூவியழைக்கும் பெயரும் அதுவே. ஒரு தாயும் தந்தையும் மகளுக்காக முதன்முதலில் திறந்துவைத்த வழி அதுவெனலாம்.

பையன்களின் நடுவே ஒரு சிறுமி

சிறுமி ஐத்தானா உதைபந்தாட்டத்தை விரும்பியபோது அவ்வூரில் அவளுடன் ஆடப் பெண்பிள்ளைகள் குழு இருக்கவில்லை. ஆதலால் ஊர்க் கழகத்திலும், பின்னர் அயலூரான கூபெல்லெஸ் கழகத்திலும் பையன்களுடனேயே ஆடினாள். பையன்கள் கூடிய இடத்தில் ஒரு பெண்பிள்ளை பந்தைத் தொட்டால் எத்தகைய பேச்சு எழும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அது எல்லாத் தேசங்களிலும் ஒன்றேதான். அவள் பின்வாங்கவில்லை. ஓட்டத்திலும் உடல் வலிமையிலும் தன்னை விஞ்சக்கூடிய பையன்களிடமிருந்து பந்தைக் காப்பதற்கு ஒரே உபாயம், அவர்களுக்கு முன்னதாகவே சிந்திப்பது. பிற்காலத்தில் உலகம் வியந்த அவருடைய ஆட்டத்தின் வேர் இங்கேயே ஊன்றியது எனலாம்.

அக்காலத்தில் அவருக்கு ஆதர்சமாக விளங்கியோர் பார்சிலோனாவின் நடுக்களத்தை ஆண்ட சாவி, இனியெஸ்தா என்னும் இரு ஆடவர்கள். அவ்விருவரும் உருவத்திற் பெரியவரல்லர். பார்வையிலும் பந்தின்மீது கொண்ட ஆளுகையிலும் பெரியவர்கள். ஐத்தானாவின் உயரமும் ஐந்தரை அடிக்குக் குறைவே.

2012ஆம் ஆண்டில் பார்சிலோனாக் கழகம் அவரைத் தன் இளம் பெண்கள் பிரிவிற் சேர்த்துக்கொண்டது. வாய்ப்புக் கிடைத்ததாயினும் வழி எளிதாயிருக்கவில்லை. வீட்டில் மோட்டார் வண்டி ஓட்டுவார் இலர். எனவே தந்தை மகளை அழைத்துக்கொண்டு புகையிரதத்திலும் பஸ்ஸிலும் மாறி மாறிப் பயிற்சிக்குச் சென்றார். இரவில் மகளோடு வீடு திரும்பினார். பட்டப்பெயர்களையும் கிண்ணங்களையும் வரிசைப்படுத்தும் வரலாற்றாசிரியர் இப்பயணங்களைக் குறிப்பதில்லை. ஆனால், அப்பயணங்கள் இல்லையேல் குறிப்பதற்கு வேறு எதுவும் இருந்திராது.

ஆட்டத்தோடு கல்வியையும் அவர் கைவிடவில்லை. பார்சிலோனாப் பல்கலைக்கழகம் ஒன்றில் உடற்பயிற்சி, விளையாட்டு விஞ்ஞானம் ஆகியவற்றைப் பயின்றார். படிப்பா விளையாட்டா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கலங்கும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

அவர் கால்வைத்த களம்

இவ்விடத்தில் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் நன்று. பெண்கள் உதைபந்தாட்டம் நேற்று முளைத்ததன்று. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள குடிசன் பார்க் மைதானத்தில் இரு பெண்கள் குழுக்கள் ஆடியதைக் காணச் சுமார் 53,000 பேர் திரண்டனர். அதற்கு மறு ஆண்டே, இவ்விளையாட்டுப் பெண்களுக்குப் பொருந்தாது என்று கூறி, தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு வழங்கலாகாது என இங்கிலாந்துச் சங்கம் தடை விதித்தது. சுமார் 50 ஆண்டுகள் அத்தடை நீடித்தது. கூட்டம் வராமையால் ஆட்டம் அழிந்தது என்று சிலர் கூறுவர். அது வரலாறு அறியாதார் கூற்று. கூட்டம் வந்தது, கதவே அடைக்கப்பட்டது.

ஸ்பெயினின் நிலையோ இன்னும் மோசமானது. 1971ஆம் ஆண்டில் பெண்கள் தாமே ஒரு தேசியக் குழுவை அமைத்து ஆடியபோது சம்மேளனம் அதனை அங்கீகரிக்கவில்லை. 1980இலேதான் பெண்களின் ஆட்டம் அங்கே முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டது. உலகக் கிண்ணப் போட்டிக்கு ஸ்பெயினின் பெண்கள் முதன்முதலில் தகுதி பெற்றது 2015ஆம் ஆண்டில். பார்சிலோனாக் கழகம் தன் பெண்கள் குழுவை முழுநேரத் தொழில்முறைக் குழுவாக ஆக்கியதும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டில் ஐத்தானா முதற் குழுவிற் சேர்க்கப்பட்டார். அவருக்கு அப்போது வயது 18.

தொழில்முறை என்றதும் செல்வம் கொழிக்கும் வாழ்வு என்று எவரும் எண்ணிவிடலாகாது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பானிய லீக் வீராங்கனைகள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது மாளிகையன்று. குறைந்தபட்சச் சம்பளமும், காயமுற்றபோதும் மகப்பேற்றின்போதும் பாதுகாப்புமே. 2020 பெப்ரவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. முழுநேர வீராங்கனைக்கு ஆண்டுச் சம்பளம் குறைந்தது 16,000 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. ஆடவர் பிரிவின் புகழ்பெற்ற வீரர் ஒருவர் ஓரிரு நாளிலேயே அதனைச் சம்பாதித்துவிடுவார்.

தோல்வியிற் கற்ற பாடம்

தேசிய இளையோர் குழுக்களில் ஐத்தானா விரைவிலேயே வெற்றி கண்டார். 2015இல் 17 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கிண்ணத்தையும், 2017இல் 19 வயதுக்குட்பட்டோருக்கான கிண்ணத்தையும் ஸ்பெயின் வென்றபோது அக்குழுக்களில் அவர் இருந்தார். ஆனால் முதியோர் அரங்கின் கடுமையை அறியும் நாளும் வந்தது.

2019 மே மாதத்தில், ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நடைபெற்றது. அவ்விறுதிக்கு அன்றே முதன்முறையாக வந்திருந்த பார்சிலோனா, பிரான்சின் லியோன் கழகத்திடம் முதல் 30 நிமிடங்களிலேயே நான்கு கோல்களைப் பறிகொடுத்தது. முடிவில் 4-1. ஐரோப்பாவின் தலைசிறந்த குழுவுக்கும் தமக்கும் இடையே எத்துணை தூரம் உள்ளது என்பதை அப்பெண்கள் அன்று கண்டனர். கண்டு சோர்ந்துவிடாமல் உடல் வலிமையிலும் வேகத்திலும் தம்மை வளர்த்துக்கொண்டனர்.

ஈராண்டுகளின் பின், 2021 மே 16ஆந் திகதி, சுவீடனின் கோதன்பர்க் நகரில் அதே கிண்ணத்துக்கான இறுதியாட்டம். எதிரே இங்கிலாந்தின் செல்சீ. இம்முறை முதல் 36 நிமிடங்களில் நான்கு கோல்கள் புகுந்தன; ஆனால் புகுத்தியது பார்சிலோனா. மூன்றாவது கோலை அடித்தவர் ஐத்தானா. அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை என்ற பட்டமும் அவரையே சேர்ந்தது. புடாபெஸ்ட்டில் பட்ட அடியை அவர்கள் பாடமாக்கிக்கொண்ட விதம், பரீட்சையில் தவறிய நம் பிள்ளைகளும் அறியத்தக்கது.

அதன்பின் 2023இல் அயிந்தோவனிலும், 2024இல் பில்பாவோவிலும் அதே கிண்ணத்தைப் பார்சிலோனா மீண்டும் வென்றது. பில்பாவோவில் எதிர்த்து நின்றது அதே லியோன். 63ஆவது நிமிடத்தில் முதற் கோலைப் புகுத்தி, பழைய கணக்கைத் தீர்க்கத் தொடங்கியவர் ஐத்தானாவே. 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானத்தில் ஜெர்மனியின் வோல்ஸ்பர்க் கழகத்துடன் நடந்த ஆட்டத்துக்கு 91,648 பேர் வந்திருந்தனர். குடிசன் பார்க்கில் அடைக்கப்பட்ட கதவு நூறாண்டுகளின் பின் எவ்வாறு திறந்தது என்பதற்கு அவ்வெண்ணிக்கையே போதிய சாட்சி.

இரு கடமைகளின் நடுவே

இனி நாம் கூறப்போவது களத்துக்கு வெளியே நிகழ்ந்தது. 2022 செப்டம்பரில் ஸ்பெயினின் தேசிய வீராங்கனைகள் 15 பேர் சம்மேளனத்துக்குத் தனித்தனியே கடிதம் அனுப்பினர். தேசியக் குழுவிலுள்ள நிலைமை தம் மனநலத்தையும் உடல்நலத்தையும் பாதிக்கின்றது. அது சீராகும்வரை தம்மைத் தெரிவுசெய்யலாகாது என்பது அதன் சாரம். அப்பதினைவருள் ஐத்தானாவும் ஒருவர்.

சம்மேளனம் முதலில் அசையவில்லை. உலகக் கிண்ணம் நெருங்கியது. ஓர் ஆட்டக்காரியின் தொழில்வாழ்வில் மூன்று அல்லது நான்கு உலகக் கிண்ணங்கள் வந்தாற் பெரிது. அடைந்த சில மாற்றங்களோடு திரும்பிச் செல்வதா, நிறைவேறாத கோரிக்கைகளுக்காக வெளியே நிற்பதா? அவரவர் மனச்சாட்சிப்படி முடிவு செய்தனர். பதினைவருள் மூவரே 2023 உலகக் கிண்ணக் குழுவிற் சேர்ந்தனர். ஐத்தானா அவர்களில் ஒருவர். அவருடைய பார்சிலோனாத் தோழியர் சிலர் வெளியிலேயே நின்றனர். எம்முடிவு சரியென்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. இரு பக்கமும் இழப்பு இருந்தது என்பதை மட்டும் வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த அப்போட்டியில், முதற் சுற்றிலேயே ஜப்பானிடம் 4-0 எனத் தோற்ற ஸ்பெயின், அடுத்து சுவிட்சர்லாந்தை 5-1 என வென்றது. ஐத்தானா இரு கோல்கள் அடித்தார். நெதர்லாந்தையும் சுவீடனையும் கடந்து, ஆகஸ்ட் 20ஆந் திகதி சிட்னியில் 75,784 பேர் முன்னிலையில் இங்கிலாந்தை 1-0 என வென்று ஸ்பெயின் உலகக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. முதன்முறை தகுதி பெற்று எட்டே ஆண்டுகளில் உலக வெற்றி! போட்டியின் மிகச் சிறந்த வீராங்கனைக்குரிய தங்கப் பந்து ஐத்தானாவுக்கு அளிக்கப்பட்டது.

ஆயினும் அவ்வெற்றியின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பதக்கம் வழங்கும் மேடையிலேயே சம்மேளனத் தலைவர், ஜென்னி எர்மோசோ என்னும் வீராங்கனையை அவர் இசைவின்றி முத்தமிட்டார். உலகம் கொதித்தெழுந்தது, தலைவரோ முதலிற் பதவி துறக்க மறுத்தார். இந்நிலையில், ஆகஸ்ட் 31ஆந் திகதி மொனாக்கோவில் ஐரோப்பாவின் சிறந்த வீராங்கனை என்ற விருதைப் பெற மேடையேறினார் ஐத்தானா. விருது பெறுவோர் நன்றி கூறி இறங்குவதே வழக்கம். அவரோ, வேலைத்தலத்தில் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும் மரியாதையின்மையையும் சமூகம் அனுமதிக்கலாகாது என்று கூறி, தன் தோழிக்கும் அவ்வாறு துன்புறும் எல்லாப் பெண்களுக்கும் துணைநிற்பதாக அறிவித்தார். தன் புகழின் உச்சியில் நின்ற வேளையைப் பிறருக்கு வழிதிறக்கப் பயன்படுத்தினார். செப்டம்பரில் தலைவர் பதவி துறந்தார். 2025 பெப்ரவரியில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டு தண்டப்பணம் விதித்தது.

உடலும் உறுதியும்

2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பாரிஸில் வழங்கப்படும் 'பலோன் டோர்' என்னும் பொற்பந்து விருதை ஐத்தானா அடுத்தடுத்து வென்றார். மூன்று முறை வென்ற முதற் பெண்மணி அவரே. ஆனால் அம்மூன்றாவது விருதின் பின்னணியை அறியாதவர் அவரை முழுமையாக அறிந்தவராகார்.

2025 ஜூன் மாத இறுதியில், ஐரோப்பியக் கிண்ணப் போட்டி தொடங்கச் சில நாட்களே இருக்கையில், மூளையைச் சூழ்ந்த சவ்வைத் தாக்கும் வைரசுக் காய்ச்சல் அவரைப் பற்றியது. மட்ரிட் நகர வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். போட்டியே அவருக்கில்லை என்று பலர் கருதினர். எனினும் அவர் தேறி எழுந்து, சுவிட்சர்லாந்துக்குச் சென்று, முதலில் மாற்று ஆட்டக்காரியாகச் சில நிமிடங்கள் ஆடி, படிப்படியாகத் தன் நிலையை மீட்டார்.

ஜூலை 23ஆந் திகதி சூரிச் நகரில் ஜெர்மனியோடு அரையிறுதி. ஸ்பெயினின் பெண்கள் அதுகாறும் ஜெர்மனியை ஒருமுறையேனும் வென்றதில்லை. கோல் எதுவுமின்றி ஆட்டம் மேலதிக நேரத்துக்குச் சென்றது. 113ஆவது நிமிடத்தில் ஐத்தானா, கோல் கம்பத்தின் பக்கவாட்டில், கோல் அடிக்க இடமே இல்லாதது போன்ற ஒடுங்கிய கோணத்திற் பந்தைப் பெற்றார். அவர் பந்தை நடுவே அனுப்புவார் என எதிர்பார்த்துக் கோல் காப்பாளர் சற்றே விலகி நின்றார். காப்பாளருக்கும் அண்மைக் கம்பத்துக்கும் இடையே இருந்த சிறு வெளியை ஐத்தானா கண்டார். பந்து அவ்வழியே புகுந்தது. பையன்களின் நடுவே கற்ற பாடம், வழியில்லாத இடத்தில் வழி காணும் அப்பழைய பாடம், அங்கே கைகொடுத்தது.

நான்கு நாட்களின் பின் பாசல் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான இறுதியாட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்து தண்ட உதைகளுக்குச் சென்றது. ஐத்தானாவின் உதையைக் காப்பாளர் தடுத்துவிட்டார், ஸ்பெயின் தோற்றது. போட்டியின் சிறந்த வீராங்கனை என்ற பரிசும், தோல்வியின் துயரமும் ஒரே இரவில் அவரை வந்தடைந்தன.

அவ்வாண்டு நவம்பர் 30ஆந் திகதி தேசியக் குழுவின் பயிற்சியில் அவருடைய இடது காலின் வெளிப்புறச் சிற்றெலும்பு முறிந்தது. சத்திர சிகிச்சை செய்யப்பட்டது. பல மாதங்கள் களத்தை விட்டு விலகியிருக்க நேர்ந்தது. மூன்று பொற்பந்துகள் வென்ற கால்களும் எலும்பாலும் தசையாலும் ஆனவையே. காயமுற்ற நாளிலும் சம்பளமும் சிகிச்சையும் உறுதியாக வேண்டும் என்று 2019இல் அவ்வீராங்கனைகள் ஏன் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதை இச்சம்பவம் நமக்கு விளக்குகின்றது. புகழ்பெற்றவருக்குப் பெரிய கழகம் துணைநிற்கும். சிறிய கழகத்தில் ஆடும் பெயரறியாப் பெண்ணுக்கு ஒப்பந்தமே துணை.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஒரு சொல்

ஐத்தானாவின் வரலாறு திறமையின் வரலாறு மட்டுமன்று. தாயின் பெயருக்காக வாதாடியோர் இருந்தனர். இரவுப் புகையிரதத்தில் உடன்வந்த தந்தை இருந்தார். பையன்களோடு ஆட இடங்கொடுத்த ஊர்க் கழகம் இருந்தது. அங்கீகாரமின்றியே ஆடிய 1971இன் பெண்கள் இருந்தனர். இத்தனை பேர் திறந்த வழியிலேதான் ஒரு திறமை நடந்து வந்தது. அவ்வழி கிடைக்காமல், தம் ஊர்த் தெருவோடு நின்றுவிட்ட ஐத்தானாக்கள் எத்தனை பேரோ! அவர்களின் பெயரை எந்த விருதும் கூறாது.

ஆதலால் பெற்றோரே, உங்கள் மகள் பந்தோடு முற்றத்தில் இறங்கினால், அவள் உலகக் கிண்ணம் வெல்வாளா என்று கணக்கிட வேண்டாம். மைதானத்துக்குப் போகவும் வரவும் துணை இருக்கின்றதா என்பதை மட்டும் கவனியுங்கள். மாணவியரே, உங்களுக்கு ஒரு வழி திறக்கப்பட்டிருப்பின் அதில் நடந்து செல்லுங்கள். நடந்தபின் அதனைப் பின்வருவோர்க்கும் திறந்தே வையுங்கள். நடுக்கள ஆட்டக்காரியின் கடமை அது. நல்ல வாழ்க்கையின் கடமையும் அதுவே என்பது நம் துணிபு.